வெற்றிலை வட்டாவை எதனால் துலக்கலாம்?

வீட்டுக்கு வருபவருக்கு வட்டா என்னும் பித்தளைத் தட்டில் வெற்றிலை வைப்பதும், கலியாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைப்பதும் மட்டக்களப்பு வழக்கம். அந்த வட்டா கறுத்துக் கிடந்தால் வீட்டுக்கே குறை. ஆனால் எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்றில் பித்தளை சீக்கிரம் மங்கிவிடும். எதனால் துலக்குவது என்பதை அழுக்கைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பழப்புளி
கறுப்பு ஏறிய வட்டாவுக்கு முதல் தெரிவு இதுதான். கோதும் கொட்டையும் நீக்கிப் பிசைந்து பூசி, ஐந்து நிமிடத்தில் தும்பால் தேய்த்தால் கறை கரைந்து பழுப்புத் தண்ணீராக ஓடும். புளியிலுள்ள தார்த்தாரிக் அமிலத்தின் வேலை அது. இரவு முழுக்க ஊறவிடக் கூடாது. பித்தளை செம்பும் நாகமும் கலந்தது. அமிலத்தில் கிடந்தால் நாகம் கழன்று செம்பு நிறத் திட்டுகள் விழும்.

தேசிக்காய்
சுண்ணாம்பு காய்ந்து ஒட்டிய இடத்துக்கு இது நல்லது. சாறு பட்டதும் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். உப்புச் சேர்த்தால் வேகம் கூடும். ஆனால் சித்திர வேலைப்பாட்டின் இடுக்கில் உப்புத் தங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும். வேலைப்பாடுள்ள வட்டாவுக்கு உப்பைத் தவிர்க்கவும்.

அடுப்புச் சாம்பல்
எண்ணெய்ப் பிசுக்குக்கு ஏற்றது. விறகுச் சாம்பலைத் துணியில் அரித்து எடுத்தால் கீறாது. கறுப்பை எடுக்க இது மட்டும் போதாது. செங்கல் தூள் பளபளப்பைத் தரும். ஆனால் ஆண்டுக்கணக்கில் தேய்த்தால் பூவும் கொடியும் மழுங்கிப்போகும். பழைய வட்டாவில் அதைத் தொடவே வேண்டாம்.

பிராசோ
இந்த உலோக மெருகைத் தேய்த்தால் குறைந்த உழைப்பில் கண்ணாடிபோல் மின்னும். அலுமாரியில் வைக்கும் பொருளுக்குச் சரி. வெற்றிலை வாய்க்குப் போவது. அதை வைக்கும் தட்டுக்கு இது உகந்ததல்ல.

பாக்குவெட்டி
வட்டாவோடு புழங்கும் இது இரும்பு. புளியும் ஆகாது, தண்ணீரில் ஊறவும் ஆகாது. அலகில் படியும் கருமை, பாக்கின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்வதால் வருவது, துருவல்ல. ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும்.

எதைத் தெரிவுசெய்வது?
அடிக்கடி புழங்கும் வட்டாவுக்கு வாரம் ஒருமுறை சாம்பல், மாதம் ஒருமுறை புளி. விசேஷத்துக்கு மட்டும் எடுப்பதென்றால் முதல் நாள் புளி. எதைப் பூசினாலும் நல்ல தண்ணீரில் இருமுறை கழுவுங்கள். உவர்க் கிணற்று நீர் வேண்டாம். பருத்தித் துணியால் இடுக்கெல்லாம் ஒற்றி எடுங்கள். மாரிகாலத்தில் தானாகக் காயட்டும் என்று கவிழ்த்து வைத்தால் துலக்கியது வீண். நம் ஊரில் வட்டாவைக் காப்பது பூசும் பொருளைவிட ஈரம் போகத் துடைப்பதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இலங்கை ஆண்களை அதிகம் தாக்குவது வாய்ப்புற்றுநோய். வட்டாவில் வெற்றிலை வைத்து அழைக்கும் மரியாதை தொடரட்டும். மெல்லும் பழக்கத்தை விடுவோம், புகையிலையை வட்டாவில் வைக்கவே வேண்டாம்.