கோடு பொருந்தினால் போதுமா?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலைப் பண்ணையின் மின்சார அளவீட்டுப் புள்ளிகள் மேலே இருக்கின்றன, உன் வேக் மாடலின் கோடு வெகுவாகக் கீழே போகிறது. விரிவு மாறிலியைக் கொஞ்சம் கூட்டினால் கோடு புள்ளிகளின்மேல் உட்கார்ந்துவிடும், கூட்டட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது கூட்டாதே.

முதலில் இடத்தைப் பார். டென்மார்க்கின் மேற்குக் கரைக்கு அப்பால், வட கடலில், 2002இல் எழுந்த பண்ணை அது. தலா 2 மெகாவாட் திறனுள்ள 80 காற்றாலைகள். சுழலியின் விட்டம் 80 மீட்டர். கிழக்கு மேற்காக 8 வரிசை, வரிசைக்குப் பத்து, இடைவெளி 560 மீட்டர். மேற்குக் காற்றில் முன்னால் நிற்பது தன் பங்கை எடுத்துக்கொண்டு, வேகம் குறைந்து கலங்கிய காற்றைப் பின்னால் இருப்பதற்கு விடுகிறது; அதுதான் வேக். அந்த வேகம் 10 சதவீதம் குறைந்தால் மின்சாரம் ஏறக்குறைய 27 சதவீதம் குறையும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. காற்றின் திசை 1 டிகிரி விலகினால், அடுத்த காற்றாலையை எட்டும்போது வேக்கின் நடு சுமார் 10 மீட்டர் நகர்ந்திருக்கும். 5 டிகிரி என்றால் 49 மீட்டர். சுழலியின் ஆரமே 40 மீட்டர்தான்! அந்தத் திசையை நீ எங்கிருந்து எடுத்தாய்? ஒரு காற்றாலை முகம் திருப்பி நின்ற கோணத்திலிருந்து, அதுவும் 10 நிமிடச் சராசரியாக. அந்தக் கருவியின் பூஜ்யம் நகர்ந்திருக்கலாம். பத்து நிமிடத்துக்குள் காற்றும் அலைந்திருக்கும். மேற்குக் காற்றுக்கான உன் 270 டிகிரிப் பிரிவில் விழுந்த பதிவுகளில் பல, உண்மையில் 265இலோ 276இலோ அடித்த காற்று. அதனால் அளவீட்டில் மின்சாரப் பள்ளம் அகலமாகவும் ஆழம் குறைந்தும் தெரிகிறது. மாடலோ ஒரே திசைக்குக் கணக்கிட்டு ஆழமாகத் தோண்டுகிறது.

2014இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே பண்ணையில் இதைக் காட்டினார்கள். ஜென்சன், லார்சன், ஃபூகா ஆகிய மூன்று மாடல்களும் குறுகிய திசைப் பிரிவில் இழப்பை மிகைப்படுத்தின. 30 டிகிரிப் பிரிவில் அளவீட்டோடு ஒத்துப்போயின. திசையில் உள்ள ஐயத்தையும் கணக்கில் சேர்த்தபோது குறுகிய பிரிவிலும் பொருத்தம் கூடியது.

ஜென்சன் 1983இல் ரிசோ ஆய்வகத்தில் எழுதிய மாடலில் ஒரே மாறிலிதான், நீ கூட்ட நினைக்கும் அந்த விரிவு மாறிலி. நிலத்துக்கு 0.075, கடலுக்கு 0.04 அல்லது 0.05 என்று வைப்பது வழக்கம். அதை நீ ஏற்றினால், திசைக் கருவியின் பிழையைக் காற்றின் குணமாக மாடலுக்குள் எழுதிவைப்பாய். அதே எண்ணை வேறொரு பண்ணைக்குக் கொண்டுபோனால் ஆண்டு இழப்பைக் குறைத்துச் சொல்வாய். அந்தக் கணக்கை நம்பித்தான் வங்கி கடன் கொடுக்கிறது.

ஆகவே இந்த வரிசையில் செய். ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு காற்றாலைகளின் மின்சார விகிதத்தைத் திசைவாரியாக வரை. பள்ளத்தின் அடி, பண்ணையின் வரைபடம் சொல்லும் கோணத்தில் விழ வேண்டும். 3 டிகிரி தள்ளி விழுந்தால் திசைப் பதிவை அந்த அளவுக்குத் திருத்து. காற்று வரும் பக்கத்தில் ஒரு காற்றாலை ஓடாமல் நின்றிருந்தாலும், திறன் குறைத்து ஓட்டப்பட்டிருந்தாலும் அந்தப் பதிவைத் தள்ளு. வேகத்தை விநாடிக்கு 8 மீட்டரை ஒட்டி வைத்துக்கொள்; முழுத்திறனுக்குத் தேவையான வேகத்தை வெகுவாகத் தாண்டி வீசும் காற்றில் வேக் கண்ணுக்கே படாது. கடல்நீரைவிடக் காற்று வெதுவெதுப்பான நேரங்களைத் தனியே பிரி. அப்போது மேல்கீழ்க் கலப்பு குறைந்து வேக் நெடுந்தூரம் நீளும். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பதிவுகள், பிழை எவ்வளவு என்று புள்ளியின்மேலேயே காட்டு.

2008 பிப்ரவரி 12 அன்று அந்தப் பண்ணையில் எடுத்த புகழ்பெற்ற மூடுபனிப் படத்தை நீயும் பார்த்திருப்பாய். சுழலிகளுக்குப் பின்னால் வேக் வெள்ளையாகத் தெரியும். அது ஒரு கணத்தின் காற்று. உன் புள்ளி பத்து நிமிடக் காற்று. உன் மாடலையும் அதே பத்து நிமிடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

இத்தனைக்குப் பிறகும் இடைவெளி மிஞ்சினால், அதை மாடலின் குறை என்று தைரியமாகச் சொல்லலாம். அப்போது மாறிலியைத் தொடு: பாதிப் பதிவில் பொருத்தி, தொடாத பாதியில் சோதி. அறிக்கையில் 5 டிகிரிப் பிரிவின் படத்தையும் 30 டிகிரிப் பிரிவின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடு. அழகான படத்தை மட்டும் போடச் சொல்பவர்கள் வருவார்கள். அவர்களிடம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கு.

அன்புடன்,
அக்கா