பேத்திகளையும் கேட்டுத் திட்டமிடுவோம்

கணவன் மனைவியை அடிப்பதும், காதலன் காதலியை மிரட்டுவதும் வீட்டு விவகாரம் மட்டுமல்ல, உடல்நலப் பிரச்சினையும்கூட. உறவில் இருந்துள்ள 15 முதல் 19 வயதுப் பெண்களில், உலக அளவில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் துணைவரின் அடிக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியுள்ளதாக உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் தெரிவித்தது.

இதைத் தடுக்கப் பாடாங் செராயில் ஒரு கூட்டம் நடத்துவதென்றால், கோயில் தலைவரும் செயலாளரும் பேச்சாளரை முடிவு செய்துவிடுவார்கள். பிள்ளைகள் உட்கார்ந்து கேட்பார்கள், அவ்வளவுதான். நமக்குத் தெரிந்தது குடித்துவிட்டு அடிப்பது. அவர்கள் சந்திப்பது வேறாகவும் இருக்கலாம்: கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்பது, பழைய படங்களை வெளியிடுவேன் என்பது, கூலிம் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில் காத்திருப்பது. அவர்கள் வாய் திறந்தால்தான் இது நமக்குத் தெரியவரும்.

கெடாவில் இளையோர் முன்வந்த கதை பழையது. 1940களில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. உங்கள் பெற்றோர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

பள்ளி மாணவி, தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்பவர், புதிதாக மணமானவர் என ஏழெட்டுப் பேரை அழையுங்கள். பெற்றோர் அந்த அறையில் வேண்டாம். தாதி ஒருவரோ ஆலோசகர் ஒருவரோ நடத்தட்டும். "உனக்கு நடந்ததா?" என்று கேட்கவே கூடாது. "உன் தோழிக்கு நடந்தால் யாரிடம் சொல்வாள்? ஏன் நம்மிடம் சொல்லமாட்டாள்?" என்று கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் நமக்குச் சற்றுக் கசக்கும். அதைக் குறித்துக்கொண்டு, நேரம், இடம், பேச்சாளர் ஆகியவற்றை அவர்கள் மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

பேத்தி ஒருத்தி உங்களிடமே சொல்லிவிட்டால், "நீ என்ன செய்தாய்?" என்று தொடங்காதீர்கள். பையன் வீட்டாரை அழைத்துப் பஞ்சாயத்து வைப்பதும் ஆபத்து. அவளுக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். 1994 குடும்ப வன்முறைச் சட்டம், பதிவு செய்யாமல் கோயிலில் தாலி கட்டியவருக்கும் பொருந்தும். சமூக நலத்துறை அதிகாரி வழங்கும் அவசரப் பாதுகாப்பு ஆணைக்குப் போலீஸ் புகார் தேவையில்லை. அது ஏழு நாள் செல்லும். மணமாகாத காதலர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை என்றாலும், விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2023 முதல் குற்றம்; போலீசில் புகார் செய்யலாம். காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவளோடு நீங்களும் போங்கள். தாலியான் காசே 15999 எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.