சேகரக் கமிட்டிக்கு நிற்கத் தயங்கும் மகளுக்கு

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு, பெரியம்மாவின் ஸ்தோத்திரம்.

கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கிற சேகரக் கமிட்டித் தேர்தலில் உன்னை நிற்கச் சொன்னார்களாம். நீயோ, "நான் என்ன பெரிய ஆளா, வேறு யாராவது நிற்கட்டுமே" என்று சொல்லி அனுப்பிவிட்டாயாம். மகளுக்கு எவ்வளவு தாழ்மை என்று உன் அம்மா ஃபோனில் பூரித்துப் போனாள். எனக்கு அப்படிப் படவில்லை. செய்யத் தெரிந்தவள் ஒதுங்கிக்கொண்டால் அந்த நாற்காலி காலியாக இருக்காது. தெரியாத ஒருவர் வந்து உட்காருவார், அவ்வளவுதான்.

உனக்குத் தகுதி உண்டா என்று கேட்டிருக்கிறாய். ஆராதனை முடிந்ததும் கோயில் திண்ணையில் நீ செய்கிற வேலையை நினைத்துப் பார். குழுக் கடன் பாரத்தோடு வருகிற பெண்களுக்கு வட்டி எவ்வளவு, ஒருத்தி தவணை தவறினால் யார் கட்ட வேண்டும் என்று வரிவரியாக வாசித்துச் சொல்கிறாய். போன மாதம் ஒரு அம்மா மையில் பெருவிரலைத் தோய்த்துவிட்ட பிறகு, "பொறுங்க அத்தை, இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டாயாமே. வங்கிக் கவுண்டரில் கற்றதைக் கோயில் திண்ணைக்குக் கொண்டுவர உனக்கு எந்தக் கமிட்டி உத்தரவு கொடுத்தது? வேதத்தில் வருகிற தெபொராளும் இப்படித்தான். ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சமரத்தடியில் உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யுத்தம் பிறகுதான் வந்தது. அவள் கூட வந்தால்தான் போவேன் என்று சேனைத் தலைவன் பாராக்கே சொன்னபோது, அவள் சாக்குச் சொல்லாமல் எழுந்து போனாள்.

பெண்கள் சபையில் அடங்கியிருக்க வேண்டும் என்று உன் மாமனார் பவுலைக் காட்டுகிறாராம். பெரியவரோடு வாக்குவாதம் பண்ணாதே. வீட்டு ஜெபத்தில் ரோமர் 16-ம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளுக்கு வேண்டிய உதவியெல்லாம் செய்யும்படி ரோமாபுரி சபைக்குச் சொல்லி அனுப்புகிறவர் அதே பவுல்தான். பிரிஸ்கில்லாளைத் தன் உடன்வேலையாள் என்கிறார். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று பாடுபட்ட பெண்களைப் பேர் சொல்லி வாழ்த்துகிறார். நம் தென்னிந்தியத் திருச்சபையிலேயே 2013-ல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் முதல் பெண் பேராயராகிவிட்டார். சேகரக் கமிட்டியில் ஒரு பெண் உட்காருவதற்கு இன்னும் யோசனையா?

ஊர் பேசுமே என்று பயந்தால் கிளாரிந்தாவை நினைத்துக்கொள். தஞ்சாவூரிலிருந்து நம் பாளையங்கோட்டைக்கு வந்த மராட்டிய பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்கிறாள் என்று மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரே முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். 1780-ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருப்பது 40 பேர், முதல் பேர் அவளுடையது. 1785-ல் அவள் முயற்சியில் எழும்பிய ஆலயத்தை ஜனங்கள் இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். பேசின வாய்களின் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சரி, உள்ளே போன பிறகு எப்படி நடப்பது? நீ கேட்க வேண்டியதைக் கூட்டத்திலேயே கேள். கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது புலம்புகிற பழக்கம் நம்மிடம் உண்டு. செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் அப்படிச் செய்யவில்லை. மோசே, ஆசாரியன், பிரபுக்கள், சபையார் எல்லாருக்கும் முன்பாகக் கூடார வாசலில் நின்று, தகப்பனுடைய காணியாட்சியில் பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே சொன்னார். எண்ணாகமம் 27-ஐ எடுத்துப் பார். அவர்கள் அழவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. காரியத்தை மட்டும் சொன்னார்கள்.

ஆனால் ஒருவரைத் திருத்த வேண்டுமென்றால் தனியே கூப்பிட்டுச் சொல். அப்பொல்லோவின் போதனையில் குறை இருந்தபோது பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவரைத் தங்களிடம் அழைத்துக்கொண்டுபோய் விளக்கினார்கள். அவர் இன்னும் நல்ல பிரசங்கியானார்.

பணத்தில் கண்டிப்பாக இரு. காணிக்கையை ஒருவர் தனியே எண்ணக் கூடாது. இரண்டு பேர் எண்ணி, அங்கேயே ரொக்கப் புத்தகத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடட்டும். வவுச்சர் இல்லாத செலவுக்கு, கேட்பவர் உன் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும், கை தூக்காதே. முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அடுத்த தேர்தலுக்கு எந்த அணி உன்னை நிறுத்தும் என்று இப்போதே கணக்குப் போட ஆரம்பித்தால் உன் வாய் தானாகவே அடைத்துப்போகும்.

இன்னொன்று, வீடு. கமிட்டிக் கூட்டத்துக்குப் போகிற அன்றைக்கும் நீயே இட்லி ஊற்றி, பாத்திரம் கழுவி, மூச்சிரைக்க ஓட வேண்டாம். உன் வீட்டுக்காரருக்குத் தோசை சுடத் தெரியும், நானே சாப்பிட்டிருக்கிறேன். கோயில் அசன விருந்துக்கு வெங்காயம் உரிக்கப் பெண்கள், வரவு செலவு பேச ஆண்கள் என்கிற பங்கீட்டை மாற்றச் சொல்லிக் கோயிலில் கேட்கப் போகிறவள், அதை முதலில் தன் அடுப்படியில் மாற்ற வேண்டும்.

ஜெபம் பண்ணி முடிவு சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். நன்றாக ஜெபம் பண்ணு. ஆனால் மனு கொடுக்கிற கடைசி நாள் கடந்துபோகும்வரை ஜெபத்தை நீட்டிக்கொண்டிருக்காதே.

ஓய்வுநாள் பள்ளியில் உனக்கு உதவி செய்கிற அந்தக் கல்லூரிப் பெண்ணை இப்போதே பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்கு எழுதப் பழக்கு. மூன்று வருஷம் கழித்து உன் இடத்தில் அவள் நிற்கட்டும். அப்போது அவள் தயங்கினால் கடிதம் எழுத வேண்டியது நீ.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

அன்புடன்,
பெரியம்மா