அகமதாபாத்துக்குப் புறப்படும் மகளுக்கு

ஹாலிஎல

அன்புள்ள மகளுக்கு,

அகமதாபாத்திலுள்ள சுற்றுச்சூழல் கல்வி மையத்தில் பயிற்சியாளராகச் சேர உனக்கு அழைப்பு வந்திருக்கும் செய்தியை உன் அப்பா தொலைபேசியில் சொன்னபோது, அவருடைய குரலில் சந்தோஷமும் சஞ்சலமும் சரிபாதியாகக் கலந்திருந்தன. பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பெண், உள்ளூரில் ஓர் உத்தியோகத்தைத் தேடிக்கொள்ளாமல், சொற்ப உதவித்தொகைக்காகச் சில மாத காலம் அந்நிய தேசம் போவானேன் என்பது அவருடைய வாதம். அவரைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. நீ நிம்மதியாகப் பிரயாண ஏற்பாடுகளைக் கவனி.

நீ போகிற ஸ்தாபனம் சாதாரணமானதன்று. 1984ஆம் ஆண்டில் கார்த்திகேய சாராபாய் அவர்களால் இந்திய மத்திய அரசின் ஆதரவுடன் தொடங்கப்பட்டு, கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளையின் இந்தியப் பிரதிநிதியாகவும் விளங்குவது. சுற்றுச்சூழலைப் பாடமாகக் கற்பிப்பது எப்படி என்று உலக நாடுகள் 1977இல் திபிலிசி நகரில் கூடி ஆராய்ந்தனவே, அதன் முப்பதாவது ஆண்டு நிறைவில், 2007 நவம்பரில், அம்மாநாட்டின் தொடர்ச்சி அகமதாபாத்திலேயே நடந்தது. அத்தகைய இடத்தில் உனக்கு முதலில் கிடைக்கப்போவது பெரும்பாலும் சில்லறை வேலைதான்: படங்களை வெட்டி ஒட்டுவது, பொதிகளைக் கட்டுவது, முகாமுக்கு வருகிற பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் எழுதுவது. இவற்றில் முகம் சுளிக்காதே. ஒரு பாடம் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சொற்பொழிவுகளில் கற்பதைவிட, அதற்கான தாள்களை அடுக்கிவைக்கும் மேசையருகே நின்று கற்பது சுலபம் என்பது நாற்பது வருஷம் சுண்ணக்கட்டி பிடித்தவனின் அபிப்பிராயம்.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லை நீ நாள்தோறும் கேட்பாய். ஜனங்களுக்குத் தெரியவில்லை, தெரிவித்துவிட்டால் காரியம் கைகூடும் என்பது அச்சொல்லுக்குள் மறைந்திருக்கும் அனுமானம். பல இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஊவாவின் தேயிலைத் தோட்ட லயங்களிலே பிறந்த நீ, அந்த அனுமானத்தைப் பரிசீலியாமல் ஏற்றுக்கொள்ளலாகாது.

2014ஆம் ஆண்டு தீபாவளி கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மலைச்சரிவோடு சரிவாக மண்ணுக்குள் போயின. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டும் காணாமலும் போனார்கள். பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட காரணத்தாலேயே உயிர் தப்பிய பிள்ளைகள், திரும்பி வந்து வீடிருந்த இடத்தைத் தேடினார்கள். அந்தச் சரிவு அபாயகரமானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியிருக்க ஓர் இடந்தான் இருக்கவில்லை. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயத்து அறை தோட்டத்தினுடையது என்றிருக்கையில், ‘வெளியேறு’ என்ற சொல்லுக்குத் தொழிலாளி என்ன பதில் சொல்வான்? குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் என்ற ஏற்பாடு அதற்குப் பின்னரே வேகங்கொண்டது. இன்னும் எல்லோருக்கும் எட்டவில்லை. 2025 நவம்பரின் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நம் மாவட்டத்தின் மலைகள் மறுபடியும் சரிந்ததை நீயே கண்ணால் கண்டவள்.

தெரியாமை நம்மவரிடம் இல்லை என்று சொல்லவரவில்லை. தெரிந்தது எவ்வளவு என்பதை முதலில் கேட்டறிய வேண்டும் என்கிறேன். பீலித் தண்ணீர் மழைக்குச் சம்பந்தமில்லாமல் திடீரென்று கலங்கினாலும், வற்றியிருந்த இடத்தில் புது ஊற்றுக் கசிந்தாலும், மலைக்குள்ளே ஏதோ நகர்கிறது என்று உன் பாட்டி இஸ்தோப்பில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கான் வெட்டுகிறவர்களைக் கேட்டுப்பார்: தேயிலை மலையின் குறுக்குக் கான்களைத் துப்புரவு செய்யாமல் மண் நிரம்பவிட்டால் தண்ணீர் ஓடுவதற்குப் பதில் உள்ளே இறங்குகிறது என்பார்கள். இது புவியியல் புத்தகத்திலும் உண்டு, சற்றுக் கடினமான மொழியில். நீ புறப்படுமுன் இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில், சொன்னவர்களின் சொல்லிலேயே எழுதிக்கொள். வெறுங்கையோடு கற்கப் போகிறவளைவிட, கொடுப்பதற்கும் ஏதேனும் வைத்திருப்பவளை எந்த ஸ்தாபனமும் அதிக சிரத்தையோடு மதிக்கும்.

அங்கிருந்து நீ கொண்டுவர வேண்டியது அவர்களுடைய கற்பிக்கும் முறை. அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு, நம் பாடசாலையில் செய்துவந்த ஒன்றையே உதாரணமாகச் சொல்கிறேன். நேரான பக்கங்களையுடைய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் கழுத்துப் பகுதியை அறுத்து, அதையே தலைகீழாகப் புனல்போல் வாயில் பொருத்தி, அடிப்பாகம் சமனாயிராததால் சிறு கற்களை இட்டு, அவை மூழ்குமட்டும் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தையே பூச்சியமாகக் கொண்டு அடிமட்டத்தால் மில்லிமீற்றர் கோடுகள் வரைந்தால் மழைமானி தயார். தினமும் காலை 8.30க்கு அளவைக் குறித்துவிட்டு, தண்ணீரை மீண்டும் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினால் வெளியேறிவிட வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது விளங்கும். ஆனால் பெருமழை நாளில், நடுநிசியில், போத்தல் 150ஐக் காட்டுகிறது என்று வைத்துக்கொள். பாட்டியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு எந்தப் பாதையால், எந்தக் கட்டடத்துக்குப் போவது, அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது அந்தப் பாடத்தில் இல்லாவிட்டால், அது அரைப்பாடம். கற்பிக்கப்படும் ஒவ்வொரு பாடத்தின்போதும், இதைக் கேட்கிறவர் நாளைக் காலையில் என்ன செய்ய இயலும், அதைத் தடுப்பவர் யார் என்று பணிவோடு கேள். சிலர் சங்கடப்படுவார்கள், விஷயமறிந்தவர்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு உன்னோடு உட்காருவார்கள்.

மற்றவை சில்லறை. ஹிந்தியும் குஜராத்தியும் தெரியாதே என்று கலங்காதே, காது பழகிக்கொள்ளும். கறியில் சர்க்கரை போடுவார்கள், முதல் வாரம் கஷ்டந்தான். நீ எந்த ஊர்த் தமிழச்சி என்று விசாரிப்பவர்களிடம், யாழ்ப்பாணமா கொழும்பா என்று அவர்களே ஊகித்துக்கொள்ள விடாமல், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் என்று நிமிர்ந்து சொல்.

ஒரு வேண்டுகோள் மட்டும். பயிற்சி முடிவில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதித்தரச் சொல்வார்கள். அதன் தமிழ்ப் பிரதியையும் நீயே எழுதி எனக்கு அனுப்பு. ஹாலிஎலையிலிருந்து பண்டாரவளை வரையுள்ள தோட்டப் பாடசாலைகளில் அதை வாசிக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

இங்ஙனம்,
உன் நலம் நாடும்
பெரியப்பா