ஸ்கேன் படிப்பு: பணம் கட்டும் முன் நாம் அறிய வேண்டியவை



சென்ற ஆண்டு பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரம், நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். கையில் வண்ண நோட்டீஸ் ஒன்று இருந்தது. ஆறே மாதத்தில் அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் ஆகலாம், உள்ளூரிலும் வளைகுடாவிலும் உடனே வேலை என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். மகள் உயிரியலில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். "காக்கா, நாளைக்குள்ள முன்பணம் கட்டலைன்னா சீட்டு போயிடுமாம். வளையலை வித்துடலாம்னு இருக்கேன். டிரஸ்ட்ல மீதிக்கு உதவி செய்வீங்களா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

அதற்கு முந்தைய ஆண்டு இதே போன்ற படிப்பை முடித்த ஓர் இளைஞரை நமக்குத் தெரியும். அவர் இன்று ஒரு ஸ்கேன் சென்டரில் பெயர் எழுதி டோக்கன் கொடுக்கிறார். ஸ்கேன் இயந்திரத்தை அவர் தொட முடியாது. ஏன் முடியாது என்பதைச் சேரும்போது யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கட்டிய பணத்தை மீட்டுக் கொடுக்க நம்மாலும் முடியவில்லை.

ஆகவே அந்தத் தாயிடம் ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு, நாம் உட்கார்ந்து விசாரித்தோம். அந்த ஒரு வாரத்தில் நாம் கற்றதைத்தான் இங்கே பாடமாகத் தருகிறோம்.

1. இந்தத் தொழில் என்ன?

அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர் இருக்கிறார். அவருக்கு சோனோகிராபர் என்று பெயர். அவர் மருத்துவர் அல்லர். ஆனால் நோயாளியின் உடலில் எந்த இடத்தை எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும், எந்தப் படத்தைச் சேமிக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார். அமெரிக்காவில் அந்தப் படங்களை மருத்துவர் பார்த்து அறிக்கை எழுதுகிறார். இங்கிலாந்தில் அனுபவமுள்ள சோனோகிராபரே பல ஸ்கேன்களுக்கு அறிக்கையும் எழுதுகிறார்.

எக்ஸ்ரேயில் கருவியை அமைத்துப் பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும். ஸ்கேன் அப்படியல்ல. புரோப் பிடித்த கை சற்றுச் சாய்ந்தாலும் பித்தப்பைக் கல் கண்ணில் படாமல் போகலாம். எடுப்பவர் தவறவிட்டதை, பிறகு படத்தை மட்டும் பார்க்கும் மருத்துவரும் காண முடியாது. பயிற்சி நீண்டதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

2. ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது?

பிள்ளைகள் இதை இயற்பியல் பாடத்தோடு சேர்த்துப் படிக்கலாம். மனிதக் காது நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஸ்கேன் புரோப் பொதுவாக நொடிக்கு 20 லட்சம் முதல் 1.5 கோடி அதிர்வுகள் கொண்ட ஒலியை அனுப்புகிறது. உடலின் மென்மையான திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும் என்று இயந்திரம் கணக்கு வைத்திருக்கிறது. எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கொண்டு ஆழத்தைக் கண்டுபிடிக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நொடியைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் 26 பங்கு நேரத்தில் எதிரொலி வந்ததென்றால், ஒலி போய்வந்த தூரம் சுமார் 4 சென்டிமீட்டர். போனது பாதி, வந்தது பாதி. ஆகவே அந்த உறுப்பு 2 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

அதிர்வு எண் கூடினால் படம் தெளிவாக இருக்கும், ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. அதனால் தைராய்டுக்கு ஒரு புரோப், வயிற்றுக்கு வேறொரு புரோப். காற்று ஒலியைத் திருப்பி அடித்துவிடும். அதனால்தான் ஜெல் தடவுகிறார்கள். அடிவயிற்று ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடித்து அடக்கி வைக்கச் சொல்வதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கி, ஒலி உள்ளே செல்ல ஜன்னல் போல உதவுகிறது. எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு இதில் இல்லை.

இந்த முறையைக் கருப்பை, வயிற்றுக் கட்டிகளுக்குப் பயன்படுத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர் இயான் டொனால்ட். அவரும் அவருடைய குழுவினரும் 1958ல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கங்களில் ஒன்று.

3. அமெரிக்காவில் எப்படிப் பயிற்சி பெறுகிறார்கள்?

அங்கே இரண்டாண்டு அசோசியேட் பட்டம், நான்காண்டு இளங்கலைப் பட்டம் என இரு வழிகள் உண்டு. ஏற்கெனவே வேறு மருத்துவத் துணைப் படிப்பு முடித்தவர்களுக்குக் குறுகிய சான்றிதழ் படிப்பும் உண்டு. உடற்கூறியல், உடலியங்கியல், இயற்பியல், கணிதம் ஆகியவை அடிப்படை. வகுப்போடு மருத்துவமனையில் நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சியும் கட்டாயம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டிய பெயர் சி.ஏ.ஏ.எச்.இ.பி. இது படிப்புக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு. படித்து முடித்தவர் ஏ.ஆர்.டி.எம்.எஸ். என்ற அமைப்பு நடத்தும் தேர்வுகளை எழுதுவார். இந்த அமைப்பு 1975ல் தொடங்கியது. ஸ்கேன் இயற்பியலுக்கு ஒரு தேர்வு, வயிறு அல்லது மகப்பேறு போன்ற சிறப்புப் பிரிவுக்கு ஒரு தேர்வு. இரண்டிலும் தேறினால்தான் பதிவு பெற்ற சோனோகிராபர். பதிவைத் தக்கவைக்க மூன்றாண்டுக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர்கல்வியும் வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படிக்காதவர் வேறு வழியில் இத்தேர்வை எழுத விரும்பினால், பொதுவாக 12 மாத முழுநேர ஸ்கேன் அனுபவத்துக்குச் சான்று கேட்பார்கள். இந்தக் கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

4. நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பெண் சிசுவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2003ல் மேலும் கடுமையாக்கப்பட்டது. அதன்படி ஸ்கேன் மையம் ஒவ்வொன்றும் பதிவு பெற வேண்டும். கர்ப்பிணிக்கு எடுக்கும் ஸ்கேனுக்குப் படிவம் எஃப் நிரப்பிப் பாதுகாக்க வேண்டும். ஸ்கேன் எடுப்பவர் தகுதி பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும்: ரேடியாலஜி போன்ற மேற்படிப்பு படித்தவர், அல்லது எம்.பி.பி.எஸ். முடித்து வரையறுக்கப்பட்ட ஆறு மாதப் பயிற்சி பெற்றவர். சட்டத்தை மீறினால் மூன்றாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இக்குற்றம் ஜாமீனில் வெளிவர முடியாத வகையைச் சேர்ந்தது.

அந்த நோட்டீஸில் இருந்த 'ஆறு மாதம்' எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். சட்டம் சொல்லும் ஆறு மாதம், ஏற்கெனவே மருத்துவப் பட்டம் பெற்றவருக்கு. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அல்ல.

பெண் குழந்தையை உயிரோடு புதைத்த அறியாமைக் கால வழக்கத்தை ஒழித்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். இந்தச் சட்டம் நம் பிள்ளைகளின் வழியை அடைக்கிறது என்று நாம் வருந்தத் தேவையில்லை. அது காக்கும் உயிர் பெரிது. ஆனால் சட்டத்தை மறைத்துப் பணம் வாங்குகிறவர்களிடம் ஏமாறவும் கூடாது.

இனி முடிச்சைப் பாருங்கள். மருத்துவரல்லாதவர் இங்கே தாமாக ஸ்கேன் எடுக்க முடியாது. எடுக்க முடியாதவர் 12 மாத அனுபவச் சான்று எங்கிருந்து கொண்டு வருவார்? வளைகுடா நாடுகளில் உரிமம் தரும் அமைப்புகள், நாம் காட்டும் சான்றிதழை அதைத் தந்த கல்லூரியிடமும் மருத்துவமனையிடமும் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கின்றன. பொய்ச் சான்று அங்கே பிடிபடும். பிடிபட்டால் வேறு வேலைக்கான வழியும் அடைபடும். பொய்ச் சான்று ஹராம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

5. அப்படியானால் வழியே இல்லையா?

அல்ஹம்துலில்லாஹ், நேரான வழிகள் இருக்கின்றன. அவை நீளமானவை, அவ்வளவுதான்.

முதல் வழி, மருத்துவம். நீட் எழுதி எம்.பி.பி.எஸ். படித்து, பிறகு ரேடியாலஜி. நம் பெண் பிள்ளைகள் இதில் வந்தால், பெண் மருத்துவரிடமே ஸ்கேன் எடுக்க விரும்பும் தாய்மார்களுக்குப் பேருதவி.

இரண்டாவது வழி, பி.எஸ்சி. ரேடியோகிராபி மற்றும் இமேஜிங். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளில் இப்படிப்பு உண்டு. படித்தவர் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. பிரிவுகளில் இங்கேயே சட்டப்படி வேலை பார்க்கலாம். பின்னாளில் இங்கிலாந்து சென்று ரேடியோகிராபராகப் பதிவு பெற்றால், அங்கே ஸ்கேனுக்கான முதுநிலைச் சான்றிதழ் படிக்கலாம். அங்குள்ள சோனோகிராபர்களில் பலர் இப்படி வந்தவர்களே. பாதியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும் என்பது இவ்வழியின் பலம்.

மூன்றாவது வழி, பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி. ஈ.சி.ஜி., டிரெட்மில், கேத் லேப் போன்ற இதயப் பிரிவு வேலைகளுக்கான படிப்பு இது. எக்கோ பற்றியும் பாடம் உண்டு.

நான்காவது வழி, அமெரிக்காவிலேயே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்வது. செலவு மிக அதிகம். படித்து முடித்தபின் மாணவர் விசாவில் இருப்பவர் பொதுவாக 12 மாதம் வரை துறை சார்ந்த வேலைக்கு அனுமதி கேட்கலாம். அதற்குப் பிறகு வேலை விசா கிடைப்பது தனிக் கதை. வட்டிக் கடனை நம்பி இவ்வழியில் இறங்க வேண்டாம் என்பதே நம் ஆலோசனை.

சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அந்தந்த ஆண்டின் அரசுத் தேர்வுக் குழு அறிவிப்பை அவசியம் பாருங்கள்.

6. இந்த வேலை நம் பிள்ளைக்குப் பொருந்துமா?

நாள் முழுவதும் கையை நீட்டி, புரோப்பை அழுத்திப் பிடித்தே வேலை. தோள், கழுத்து, மணிக்கட்டு வலி இத்தொழிலில் மிகப் பரவலானது. சரியாக அமர்வதும் நிற்பதும் கூட அங்கே பாடத்தில் ஒரு பகுதி.

மனப்பாரமும் உண்டு. குழந்தையின் இதயத் துடிப்பு நின்றிருப்பதை முதலில் காண்பவர் அவராக இருக்கலாம். தாய் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது பதறாமல், பொய்யும் சொல்லாமல், முறைப்படி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நோயாளியின் உடலும் அவருடைய செய்தியும் அமானிதம். தேவையான இடத்தைத் தவிர மற்றதை மூடி வைப்பது, கண்டதை வெளியே பேசாமலிருப்பது இரண்டும் இத்தொழிலின் ஒழுக்கம்.

7. பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்தச் சான்றிதழைத் தரும் பல்கலைக்கழகம் எது? அதன் இணைப்புப் பட்டியலில் இக்கல்லூரியின் பெயர் இருக்கிறதா?
2. படித்து முடித்தால் இந்தியாவில் எந்த வேலையைச் சட்டப்படி செய்யலாம்? எழுதித் தருவீர்களா?
3. நேரடிப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம், யாருடைய மேற்பார்வையில்?
4. வெளிநாட்டு வேலை என்றால் எந்த நாடு, எந்த உரிமம்? சென்ற ஆண்டு படித்தவர் இருவரிடம் நாங்கள் பேசலாமா?
5. இடையில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

நேர்மையான கல்லூரி இவற்றுக்குக் கோபப்படாது. "நாளைக்குள் கட்டுங்கள்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் சொன்ன தாய் முன்பணம் கட்டவில்லை. ஐந்து கேள்விகளையும் மகளே தொலைபேசியில் கேட்டாள். இரண்டாவது கேள்வியில் அழைப்பு துண்டிக்கப்பட்டது. கலந்தாய்வில் அவளுக்கு ரேடியோகிராபி இடம் கிடைத்து, இப்போது முதலாண்டு படிக்கிறாள். கட்டணத்தில் ஒரு பகுதி நம் கல்வி நிதியிலிருந்து போகிறது. ஒருநாள் சோனோகிராபர் ஆவாளா என்பது அல்லாஹ் அறிந்தது. அவள் வைக்கும் அடி உறுதியான தரையில் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு நோட்டீஸ் வந்திருந்தால், வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வருவாயையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.