பிராசஸர் குளிர்ந்தது, பக்கத்துச் சில்லு கொதித்தது

நீங்கள் ஒரு கணிப்பொறியை 'ஓவர்கிளாக்' செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதாவது, தயாரித்தவர்கள் நிர்ணயித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் அதை ஓடவிட்டிருக்கிறீர்கள். வேகம் கூடினால் சூடும் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே, முன்யோசனையோடு பிராசஸரின் மேலிருந்த பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, உயரமான பெரிய குளிர்விப்பான் ஒன்றைப் பொருத்தினீர்கள். பிராசஸர் 55 டிகிரியைத் தாண்டவில்லை. இருந்தும் அரை மணி நேரத்தில் திரையில் படம் அசையாமல் நின்றுவிடுகிறது. சற்று ஆறவிட்டுப் போட்டால் ஓடுகிறது; மறுபடியும் நிற்கிறது. குற்றவாளி யார்?

பிராசஸருக்குச் சில விரற்கடை தள்ளி, சிறிய அலுமினியத் தகடுகளின் அடியில் ஒளிந்திருக்கும் இன்னொரு சில்லைப் பாருங்கள். அதன் பெயர் நார்த் பிரிட்ஜ். தேசப்படத்தில் வடக்கு மேலே இருப்பதுபோல, மதர்போர்டின் வரைபடத்தில் இதை மேலே போடுவது வழக்கம். அதனால் வந்த பெயர். பிராசஸருக்கும் நினைவகத்துக்கும் இடையே போகும் தகவலெல்லாம் இதன் வழியாகத்தான் போகவேண்டும்.

ஓர் உண்மையான உதாரணம் பார்ப்போம். 2006-ல் வெளிவந்த இன்டெல் கோர் 2 டுவோ இ6600 பிராசஸரின் அடிப்படை அதிர்வெண் 266 மெகாஹெர்ட்ஸ். அதை 9 ஆல் பெருக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ். பெருக்கும் எண்ணை உயர்த்த வழியில்லை. அடிப்படை அதிர்வெண்ணைத்தான் உயர்த்தலாம். 266 ஐ 333 ஆக்கினால் 3 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். ஆனால் அதே அடிப்படை அதிர்வெண்ணில்தான் நார்த் பிரிட்ஜும் துடிக்கிறது! பிராசஸரை விரட்டினால் இதையும் சேர்த்தே விரட்டுகிறோம்.

அதனால் வெப்பம் எவ்வளவு கூடும்? சில்லில் உண்டாகும் வெப்பம் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் மாறும். அதிர்வெண் 1.25 மடங்கு ஆயிற்று. வேகத்துக்கு ஈடுகொடுக்க மின்னழுத்தத்தை 1.25 வோல்ட்டிலிருந்து 1.40 வோல்ட்டுக்கு ஏற்றினோம் என்றால், வர்க்கம் இன்னொரு 1.25 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.57. முன்பு 20 வாட் வெப்பம் விட்ட சில்லு இப்போது 31 வாட் விடுகிறது.

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பழைய விசிறி காற்றைக் கீழ்நோக்கி ஊதியது. அந்தக் காற்று மதர்போர்டில் மோதிச் சிதறி, பக்கத்திலிருந்த அலுமினியத் தகடுகளையும் தடவிச் சென்றது. நார்த் பிரிட்ஜ் அந்த ஓசிக் காற்றில்தான் உயிர் வாழ்ந்தது! புதிய குளிர்விப்பானோ காற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கீழே ஒரு துளியும் வருவதில்லை.

தகடுகளிலிருந்து காற்றுக்கு வெப்பம் போவதற்கு ஒரு தடை உண்டு, மின்சாரத்துக்கு மின்தடை இருப்பதைப் போல. வீசும் காற்றில் அந்தத் தடை வாட்டுக்கு 1 டிகிரி, அசையாத காற்றில் 2 டிகிரி என்று கொள்வோம். பெட்டிக்குள் 45 டிகிரி. முதலில் 45 உடன் 20 சேர்ந்து 65. ஓவர்கிளாக் செய்து பழைய விசிறியையே வைத்திருந்தால் 76. விசிறியையும் மாற்றியதால் 45 உடன் 62 சேர்ந்து 107! வேகத்தை ஏற்றியதைவிட விசிறியை மாற்றியதுதான் அதிகக் கெடுதல் செய்துவிட்டது. சூடேறிய சில்லில் சமிக்ஞைகள் தாமதமாகின்றன. அவை உரிய நேரத்தில் வந்து சேராவிட்டால் 1 என்பது 0 ஆகிவிடும். பிறகு படம் நிற்காமல் என்ன செய்யும்?

சந்தேகத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, மேஜை விசிறியை உள்ளே ஊதும்படி வையுங்கள். (ஓடும்போது உள்ளே கைவிடவேண்டாம்.) இப்போது நிற்காமல் ஓடினால் வெப்பமே காரணம். அப்படியும் நின்றால் மின்னழுத்தத்தையோ நினைவகத்தையோ சந்தேகிக்கவேண்டும்.

வெப்பம்தான் என்று தெரிந்ததும் பலர் 40 மில்லிமீட்டர் குட்டி விசிறியைத் தகடுகளின் மேல் திருகிவிடுவார்கள். குளிரும், உண்மைதான். ஆனால் சிறிய விசிறி போதிய காற்றைத் தர மிக வேகமாகச் சுழலவேண்டும். இரைச்சல் கேட்கும், தூசி அடையும், விரைவில் தேயும். நின்றுபோன விசிறி தகடுகளுக்கு மூடியாகிவிடும்! பெட்டிக்குள் பெரிய விசிறி ஒன்றைத் தகடுகளை நோக்கி மெதுவாகச் சுழலவிடுவதே மேல் என்பது என் கருத்து.

காற்று வந்தும் சூடு குறையவில்லையா? அப்படியானால் வெப்பம் தகடுகளுக்கு வந்தே சேரவில்லை. சில்லும் அலுமினியமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் மேடும் பள்ளமும் நிறைந்தவை. பள்ளங்களில் காற்று தங்கும். காற்றின் வெப்பங்கடத்தும் திறன் 0.026, நல்ல வெப்பப் பசையின் திறன் சுமார் 5, தாமிரத்துக்கு 400. ஒரு சதுர சென்டிமீட்டர் சில்லின் மேல் 0.05 மில்லிமீட்டர் காற்றுப்படலம் முழுமையாகப் பரவியிருந்தால், 30 வாட் வெப்பத்தைக் கடத்த அதன் இரு பக்கங்களுக்கும் இடையே ஏறத்தாழ 575 டிகிரி வித்தியாசம் வேண்டும்! அதே இடத்தில் பசை இருந்தால் 3 டிகிரி போதும். நடைமுறையில் மேடுகள் ஒன்றையொன்று தொடுவதால் நிலைமை அவ்வளவு மோசமாவதில்லை. ஆனால் பழைய பசை காய்ந்து பொருக்காகிவிட்டால் இடைவெளிகளில் காற்று புகுந்துவிடும்.

பசையை மாற்றப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்செருகியைப் பிடுங்கிய பின், எதையாவது உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். தகட்டுத் தொகுதியை நேராக இழுக்கவேண்டாம். மெல்லத் திருகி அசைத்து எடுக்கவேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அரிசி அளவுக்குப் புதுப்பசை வையுங்கள். தாமிரத்தோடு ஒப்பிட்டால் பசை மட்டமான கடத்தி. தடிமனாகப் பூசினால் அதுவே தடை ஆகிவிடும். திரும்பப் பொருத்தும்போது ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தாதீர்கள். சிலிக்கான் கண்ணாடிபோல நொறுங்கக்கூடியது. மூலை உடைந்தால் மதர்போர்டே போயிற்று.

இந்த நார்த் பிரிட்ஜ் பிறகு என்ன ஆயிற்று? நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை ஏ.எம்.டி. நிறுவனம் 2003-லும், இன்டெல் 2008-லும் பிராசஸருக்குள்ளேயே கொண்டுபோயின. தனிச் சில்லுக்குச் சுமை குறைந்தது. ஆனாலும் 2019-ல் ஏ.எம்.டி.யின் எக்ஸ்570 சில்லு வந்தபோது, அதன் வெப்பத்துக்காகப் பெரும்பாலான மதர்போர்டுகளில் குட்டி விசிறி மறுபடியும் தலைகாட்டியது.

உங்கள் பழைய கணிப்பொறிக்குக் காசில்லாத வைத்தியமும் உண்டு. மின்னழுத்தத்தை 1.40-லிருந்து 1.30-க்கு இறக்கிக் கணக்குப் போடுங்கள். 31 வாட் 27 வாட்டாகும். காற்றே இல்லாத இடத்திலும் 8 டிகிரி குறைந்துவிடும். ஒரேயடியாக இறக்காமல் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் நினைவகச் சோதனை நிரலை இரவு முழுதும் ஓடவிடுங்கள். பிழை தோன்றிய படிக்கு ஒரு படி மேலே நிறுத்திக்கொள்ளலாம்.