சுற்றி வந்த மனு

அன்பு மருமகள் யாழினிக்கு,

எஸ்.ஐ. எழுத்துத் தேர்வில் நீ தேறிவிட்டாய் என்று போனில் சொல்லும்போது உன் அப்பாவுக்குக் குரல் தழுதழுத்தது. கேட்ட எனக்கும்தான். விடியற்காலையில் எழுந்து மைதானத்தில் ஓடுகிறாயாம். நன்றாக ஓடு. ஆனால் காக்கி உடுப்புக்கு அளவு கொடுக்குமுன் உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் இருந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவள் நான். போலீஸார் கொண்டுவந்த ரிமாண்ட் கட்டுகளைப் பிரித்துப் பிரித்து என் விரல் தேய்ந்திருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் மகனை வாகனச் சோதனையில் ஒரு காவலர் கன்னத்தில் அறைந்ததில், காதில் சீழ் வைத்துவிட்டது. நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலோடு. எஸ்.பி. அலுவலகத்தில் புதன்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து, முத்திரை போட்ட ரசீதும் வாங்கி வந்தோம். பன்னிரண்டு நாள் கழித்து விசாரணைக்கு வரச்சொல்லி போன் வந்தது. கூப்பிட்டது அதே ஸ்டேஷன்.

நானும் கூடப் போனேன். மேசையில் எங்கள் மனு கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். எஸ்.பி. அலுவலகம், டி.எஸ்.பி. அலுவலகம், இன்ஸ்பெக்டர் என்று பின்பக்கத்தில் வரிசையாக முத்திரையும் சுருக்கொப்பமும். ஒவ்வொன்றின் கீழும் "விசாரித்து அறிக்கை அனுப்பவும்". நாங்கள் மேலே கொடுத்த தாள் படிப்படியாக இறங்கி, யார் மேல் புகாரோ அவர் நிற்கும் இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. அந்தக் காவலர் கையில் டீ கிளாஸோடு வாசற்படியில் நின்றார். இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். ஆனாலும் பூக்காரம்மா வாசலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பேனாவை வாங்கி "மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

யாழினி, அங்கே யாரும் மிரட்டவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. தன்னோடு இரவு ரோந்து போகிறவரைப் பற்றித் தானே விசாரிக்கச் சொன்னால் எவ்வளவு நல்லவராலும் முடியாது. நான் நீதிமன்றத்தில் பார்த்த நீதிபதிகள், கட்சிக்காரர் தூரத்து உறவு என்றால்கூட வழக்கை வேறு கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சாதாரண நியாயம் ஸ்டேஷனுக்குள் மட்டும் ஏன் வரவில்லை?

இந்தக் கேள்வியை ஒரு போலீஸ் அதிகாரியே உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். உத்தரப் பிரதேசத்திலும் அசாமிலும் டி.ஜி.பி.யாக இருந்து ஓய்வு பெற்ற பிரகாஷ் சிங். 1996-ல் போட்ட வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு கட்டளைகளில் ஒன்று காவல் புகார் ஆணையம். டி.எஸ்.பி. வரையிலானவர்கள் மீதான புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க வேண்டும், தலைவர் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. எஸ்.பி.யும் அதற்கு மேலும் என்றால் மாநில ஆணையம், தலைவர் உயர் நீதிமன்றம் அல்லது உச்ச நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி. அவர்கள் பரிந்துரைத்தால் அரசு அதை ஏற்றே ஆக வேண்டும்.

தமிழ்நாடு என்ன செய்தது? 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்களில் ஒருவர் டி.ஜி.பி. மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். பெயர்ப் பலகையில் ஆணையம் வந்துவிட்டது. பூக்காரம்மாவின் மனு மறுபடியும் எஸ்.பி. மேசைக்குத்தான் போகும். இதை நான் ஏமாற்றம் என்றே சொல்வேன். வட அயர்லாந்தில் 2000-ல் போலீஸ் குறைகேள் அதிகாரி அலுவலகம் திறந்தபோது, புகாரை விசாரிக்கப் போலீஸை நம்பியிராமல் தனக்கென்று விசாரணையாளர்களை வைத்துக்கொண்டது. என் கண்ணுக்கு உயிர்நாடி அதுதான். சொந்தமாக ஆள் இல்லாத ஆணையம் எத்தனை பெரிய நீதிபதியைத் தலைவராக்கினாலும் கடைசியில் "அறிக்கை அனுப்பவும்" என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. தப்பு செய்தவர் என்று தெரிந்த பிறகு என்ன ஆகிறது? நம் பேப்பர்களில் நீ தினம் படிப்பாய்: "ஆயுதப்படைக்கு மாற்றம்", "காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றம்". ஆறு மாதத்தில் அவர் வேறொரு ஸ்டேஷனில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பார். நம் ஊரில் பஸ் கண்டக்டருக்கு லைசென்ஸ் உண்டு. வக்கீலுக்கு பார் கவுன்சில் பதிவு உண்டு, டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில் பதிவு உண்டு. தொழிலில் தவறினால் அவை பறிபோகும். துப்பாக்கியும் கைது அதிகாரமும் வைத்திருப்பவருக்கு அப்படி ஒன்று கிடையாது.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் போலீஸாருக்கும் லைசென்ஸ் உண்டு. உண்டு என்பதற்காக அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் நடந்ததைக் கேள். 2014 நவம்பர் 22. பூங்காவில் டமிர் ரைஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் பொம்மைத் துப்பாக்கி வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். போலீஸுக்குப் போன் செய்தவர், சின்னப் பையனாக இருக்கும், துப்பாக்கியும் பொம்மையாக இருக்கும் என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தை வண்டியில் இருந்த போலீஸாருக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி வந்து நின்ற இரண்டு நொடிக்குள் ஒரு காவலர் சுட்டார். பையன் மறுநாள் இறந்தான்.

சுட்டவர் அதற்கு முன் பக்கத்து ஊரான இண்டிபெண்டன்ஸில் வேலை பார்த்தவர். துப்பாக்கிப் பயிற்சியில் நிலைகுலைந்துபோகிறார், இந்த வேலைக்கு ஒத்துவரமாட்டார் என்று அங்கிருந்த மேலதிகாரி குறிப்பு எழுதி வைத்திருந்தார். அந்தக் காவலர் ராஜினாமா செய்துவிட்டு கிளீவ்லாந்துக்கு விண்ணப்பித்தார். கிளீவ்லாந்து அந்தப் பழைய கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கவே இல்லை. ஒரு கோப்பு, யாழினி! பக்கத்து ஊரின் அலமாரியில் இருந்த கோப்பு.

2015 டிசம்பரில், வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுக்கும் கிராண்ட் ஜூரி அந்தக் காவலர் மேல் குற்றச்சாட்டுப் பதிய மறுத்தது. 2017-ல் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள், விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தார் என்பதற்காக. பையனைச் சுட்டதற்காக இல்லை. குற்ற வழக்கில் தண்டனை ஆகாததால் ஓஹையோவில் அவர் லைசென்ஸ் தப்பியது. அதன்பின் ஓஹையோவிலேயே ஒரு சிற்றூர் அவரை எடுத்தது. 2022-ல் பென்சில்வேனியாவின் டியோகா எடுத்தது. ஒவ்வொரு முறையும் ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகே அவர் விலகினார். தாய் ஒருத்தி தன் மகனுடைய பெயரை எத்தனை ஊரில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது பார்.

கிளீவ்லாந்து மக்கள் 2021 நவம்பரில் ஓட்டுப் போட்டு நகரச் சாசனத்தையே திருத்தினார்கள். பதின்மூன்று பேர் கொண்ட சமூகக் காவல் ஆணையத்துக்கு, போலீஸ் ஒழுங்கு நடவடிக்கையில் கடைசிச் சொல் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியாவும் விழித்துக்கொண்டது. அதுவரை லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரம் இல்லாத நான்கு மாநிலங்களில் அதுவும் ஒன்று. 2018-ல் கார்டெனாவில் சுடப்பட்டு இறந்த கென்னத் ராஸ் என்ற இளைஞரின் பெயரில் சட்டம் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. லைசென்ஸ் பறிப்பது பற்றிப் பரிந்துரைக்கும் ஒன்பது பேர் குழுவில் போலீஸார் இருவர்தான். பொதுமக்களுக்கான இரண்டு இடங்களில், போலீஸின் தவறான பலப்பிரயோகத்துக்கு ஆளானவர்களுக்கோ, அதில் உறவை இழந்தவர்களுக்கோ முன்னுரிமை. பூக்காரம்மா போன்றவருக்கு அந்த மேசையில் நாற்காலி கிடைக்கலாம்! ராஜினாமா செய்தாலும் விசாரணை நிற்காது. ஒருவர் வேலையை விட்டால் பத்து நாளில் மாநில ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். கிளீவ்லாந்தில் இருந்த ஓட்டை இங்கே அடைபடுகிறது.

இப்படியெல்லாம் இருந்தால் பொய்ப் புகார் போட்டே போலீஸை முடக்கிவிடுவார்கள் என்று பயிற்சியில் உனக்குச் சொல்வார்கள். அந்தப் பயத்தில் உண்மையும் இருக்கிறது. வேண்டுமென்றே எழுதிய மனுக்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நேர்மையான எஸ்.ஐ.யைப் பொய்ப் புகாரிலிருந்து எது காப்பாற்றும்? துறை தனக்குத் தானே கொடுக்கும் நற்சான்றை ஊர் நம்பாது. வெளியாள் விசாரித்து "இவர் மேல் தப்பில்லை" என்று சொன்னால் நம்பும்.

சாத்தான்குளத்தை நீ மறந்திருக்கமாட்டாய். 2020 ஜூன் 19, ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாளுக்குள் இருவரும் இல்லை. ஸ்டேஷனில் கேமரா இருந்தது, ஹார்டு டிஸ்கில் இடமும் தாராளமாக இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்பதை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கச் சொன்னது. தாசில்தார் அலுவலக ஆட்கள் ஸ்டேஷனைக் காவல் காக்க வேண்டி வந்ததே என்று அன்று சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. இருவரையும் ஸ்டேஷனில் அடித்த அந்த இரவைப் பற்றி மாஜிஸ்திரேட்டிடம் பயத்தோடு வாய் திறந்தவர் ஒரு பெண் தலைமைக் காவலர். அவரும் அதே காக்கிதான் போட்டிருந்தார்.

சட்டத்தை மாற்றுவது உன் கையில் இல்லை. ஸ்டேஷனில் கேமரா ஓடுகிறதா, பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்று முதல் நாளே பார். மனு வந்தால் சி.எஸ்.ஆர். பதிவேட்டில் ஏற்றி ரசீது கொடு. உன் ஸ்டேஷன் ஆள் மேலேயே புகார் வந்து அதை உன்னையே விசாரிக்கச் சொன்னால், "என்னால் இதை விசாரிக்க இயலாது, வேறு உட்கோட்டத்துக்கு அனுப்ப வேண்டும்" என்று எழுதி மேலே அனுப்பு. உனக்குக் கெட்ட பெயர் வரும். இருந்தாலும் எழுது.

நேற்று சாயங்காலம் பூ வாங்கும்போது உன் தேர்வு விஷயத்தைப் பூக்காரம்மாவிடம் சொன்னேன். ஒரு முழம் கூடவே கிள்ளிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் நாரைத் திரித்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "பாப்பா இருக்கிற ஸ்டேஷன்லயே ஒருத்தர் அடிச்சா, பாப்பாகிட்ட போய்ச் சொல்லலாமாம்மா?"

உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அன்புடன்,
அத்தை